கதிர்வேல் பக்கமும் எங்கள் பக்கமும்

என் தங்கை நாகலட்சுமியின் கணவர் கதிர்வேலைப் பற்றி நானே எழுதிவிடுவதுதான் நல்லது. வேறு யாராவது எழுதினால் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சாய்வெல்லாம் கிடையாது. பேர் சுரேந்தர், ஊர் பேளுக்குறிச்சி, குச்சிக்கிழங்கு விவசாயம். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற ஆள். அதனால் உறவு முறையில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை, அது வேறு விஷயம்.

கதிர்வேல் கொல்லிமலைக்காரர். செம்மேட்டுக்குப் பக்கத்தில் வீடு, கொஞ்சம் மிளகுக்கொடி, பலாமரங்கள். ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். மலையில் விளைகிற பலாவையும் வாழையையும் மிளகையும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர்ச் சந்தைக்கு இறங்குவார். அந்த ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் சின்னதாக இரண்டு ஹாரன் அடிப்பார். நல்ல பழக்கம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மழைக்காலத்தில் மேலே மரம் விழுந்து ரோடே அடைத்துக் கிடந்தது. எதிரே ஒரு ஈ வருவதற்கு வழியில்லை. பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதும் அடித்தார், வளைவுக்கு இரண்டு.

“யாரும் வரமாட்டாங்கன்னு தெரியுமே மாப்பிள்ளை, எதுக்குங்க ஹாரன்?” என்றேன்.

“வளைவு வந்துச்சுங்க மச்சான்.”

அவ்வளவுதான் பதில். அதற்கு மேல் கேட்டால் ரோட்டைப் பார்ப்பார்.

வண்டியில் பலாப்பழம் அடுக்கினால் பெரியது கீழே, சின்னது மேலே, காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒரு பழம் திரும்பியிருந்தால் வண்டியை நிறுத்தி இறங்கித் திருப்பி வைப்பார். சோற்றில் குழம்பை ஊற்றமாட்டார், பக்கத்தில் ஊற்றித் தொட்டுச் சாப்பிடுவார். சட்டை என்றால் நீலம். கோயில் நோம்பியில் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் போய் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலே, பொய் சொல்ல வராது. இந்தக் கடைசிக் குணத்தால் வந்த வம்புகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

வண்டியின் முன் சீட்டு அவர் அப்பா ராசப்பன் மாமாவுடையது. அவர் ஏறிவிட்டால் வேறு யார் வந்தாலும் பின்னால் பலாப்பழத்தோடுதான். ராசப்பன் மாமாவுக்கு மனைவி தவறிப் பல வருடம் ஆகிறது. மகன்தான் உலகம். மகனைப் பற்றி அவர் சொல்லாத ஆள் கிடையாது, அதிலும் ஒரு கதையை எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறார். கதிர்வேல் நான்கு வயது வரை வாயே திறக்கவில்லையாம். மலை அடிவாரத்தில் இருக்கிற பொன்னாயி அம்மனுக்கு வேண்டிக்கொண்டார்களாம். அடுத்த வாரமே செம்மேடு பஸ் ஸ்டாண்டில், அம்மா இடுப்பில் இருந்தபடி பையன் முதல்முதலாகப் பேசினானாம்.

என்ன பேசினான்? அம்மா என்றா? அப்பா என்றா?

“பஸ்ஸு லேட்டு” என்றானாம்.

அன்றைக்கு பஸ் உண்மையிலேயே லேட்டு என்று சொல்லி ராசப்பன் மாமா கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இவர் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கோகிலா காபி கொடுத்தாள். நாகலட்சுமி வந்து நின்றாள். மாப்பிள்ளை ஒரு தரம் அவளைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து சீலிங் ஃபேனைப் பார்த்தார். பார்த்தார் என்றால், அங்கேயே குடியேறிவிட்டார். ராசப்பன் மாமா இருமினார், தொடையில் இடித்தார். கடைசியில் நானே, “ஏனுங்க, பொண்ணுகிட்ட எதாச்சும் கேக்கோணுங்களா?” என்றேன்.

“ஃபேன்ல ஒரு றெக்கை கீழ எறங்கியிருக்குதுங்க. தெரியுமுங்களா?” என்றார்.

எனக்குத் தெரியாமலா? அந்த ‘டுக் டுக்’ சத்தத்தால் ஒரு வருடமாக நான் சரியாகத் தூங்கியதில்லை. வீட்டில் வேறு யாருக்கும் அந்தச் சத்தமே கேட்கவில்லை என்று சாதித்தார்கள். எலெக்ட்ரீஷியனோடு சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் கதிர்வேல் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து இறங்கினார். ஃபேனைச் சரி செய்தார், ஸ்டூலைப் பழைய இடத்தில் வைத்தார், வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“அண்ணா, நான் இவரையே கட்டிக்கறேன்” என்றாள் நாகலட்சுமி.

“ஏம்மா?”

“வந்தவங்க எல்லாரும் எங்கிட்ட என்ன கொறைன்னு பாத்துட்டுப் போனாங்க. இவரு ஃபேன்ல பாத்தாரு. அதையும் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறாரு.”

கல்யாணம் ஆயிற்று. பெண் குழந்தை பிறந்தது. அம்மன் பேரையே வைத்தார்கள். இந்தக் காலத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பொன்னாயி என்று பேர். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள். ஆனால் அவள் அப்பாவின் வண்டி எங்கேயோ வளைவில் இரண்டு ஹாரன் அடித்தால் போதும், வாசலுக்கு ஓடி, இரண்டு கையையும் உதறிக்கொண்டு குதிப்பாள். பலாக்கொட்டைகளைச் சுவர் ஓரமாக வரிசை வைப்பாள், பெரியதிலிருந்து சின்னது வரை. நடுவில் ஒன்றை யாராவது எடுத்துவிட்டால் மலையே அதிர அழுவாள். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. கதிர்வேலுக்கு இதில் எதுவுமே வித்தியாசமாகப் படவில்லை. “நல்லாத்தானுங்க அடுக்கறா” என்பார்.

அங்கன்வாடி டீச்சர்தான் டாக்டரிடம் காட்டச் சொன்னார். நாமக்கல்லில் பார்த்தார்கள். ஆட்டிசம் என்றார்கள். பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். வியாதி என்று பயப்பட வேண்டாம், அவள் மூளை வளர்ந்த விதமே கொஞ்சம் வேறு, சொல்லிக் கொடுக்கிற விதத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு குழந்தைக்கு எது இருந்தாலும் முதல் கேள்வி, இது யார் பக்கம் என்பதுதான். நல்ல மூக்கு என்றால் இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடும். முன்கோபம் என்றால் இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டும். ராசப்பன் மாமா ஊர் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“எங்க பக்கம் இப்பிடி ஒண்ணு கெடையவே கெடையாது. ஏழாம் மாசம் வளைகாப்புக்குன்னு அவ அண்ணங்காரன் கூட்டிட்டுப் போனானே, அப்ப ஆனதுதான். எழுவது வளைவு! வாந்தி எடுத்துட்டே எறங்கி, வாந்தி எடுத்துட்டே ஏறுனா. வயத்துல இருக்கற புள்ளைக்கு மூளை கொழம்பாம என்ன பண்ணும்?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கூட்டிக்கொண்டு வந்தது நான். அதுவும் முறைப்படி, தட்டு வரிசையோடு. பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று நான் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, நாகலட்சுமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“இனிமே இவளை அந்த ரோட்டுல கொண்டுட்டுப் போகமாட்டேன் அண்ணா” என்றாள்.

நான் அதை வீம்பு என்று நினைத்து, சபாஷ் என்று கூடச் சொன்னேன். கோகிலாதான் அன்று சமையல்கட்டில் என்னை நிறுத்தி வைத்து விளக்கினாள். “வீம்பு இல்லீங்க. அவ அதை நம்பறா. தன்னாலதான் புள்ளைக்கு இப்பிடி ஆச்சுன்னு நெனச்சுட்டு இருக்கா. இதுக்கு மேலயும் ஒரு வளைவு போனா புள்ளைக்கு இன்னும் எதாச்சும் ஆயிரும்னு பயந்துட்டுத்தான் எறங்கியே வந்திருக்கறா. வர்ற வழி பூரா புள்ளை தலையைக் கையில புடிச்சுட்டே வந்தாளாமா.”

அவள் என் தங்கை. சின்னதில் மாட்டு வண்டியில் ஏற்றினால் கூட இறங்கமாட்டேன் என்று அழுதவள்.

அதன் பிறகு குடும்பம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சந்தைக்கு வருகிற நாளெல்லாம் கதிர்வேல் எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் இரண்டு ஹாரன். பொன்னாயி ஓடுவாள். அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்து பலாக்கொட்டை அடுக்குவார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளமாட்டார்கள், ஆனால் அத்தனை சந்தோஷமான இரண்டு பேரை நான் பார்த்ததில்லை. அவர் கிளம்பிப் போனதும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாப்பிடமாட்டாள். நாகலட்சுமி உள்ளே போய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“உங்க அப்பாகிட்ட சொல்லக்கூடாதுங்களா?” என்று நான் எகிறினேன்.

“சொன்னேனுங்க மச்சான், அது தப்புன்னு. அவரு இல்லேன்னாரு. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியலீங்க” என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவரைத் திட்டவும் முடியாமல் நான் போய் மாட்டைத் திட்டினேன்.

நாமக்கல்லில் பார்த்தவர்கள்தான், சேலத்தில் ஜீன் சம்பந்தமாகப் பார்க்கிற ஒரு டாக்டர் இருக்கிறார், அப்பா அம்மா குழந்தை மூன்று பேரும் போய் ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்றார்கள். மூன்று பேர் என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். நாங்கள் ஆறு பேர் போனோம். ராசப்பன் மாமா தன் பக்கத்தைக் காக்க வந்தார். நான் எங்கள் பக்கத்தைக் காக்கப் போனேன். கோகிலா எங்கள் இருவரையும் காக்க வந்தாள்.

டாக்டர் பேர் அருணா. அமைதியான முகம். ஒரு பேப்பரை எடுத்துக் குடும்பப் படம் வரைய ஆரம்பித்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம்.

“ஏனுங்க, எங்க பக்கத்தை எதுக்குங்க ஓரமாப் போட்டிருக்கறீங்க?” என்றார் ராசப்பன் மாமா.

“அப்பா பக்கம் இடது கை ஓரமாத்தாங்க வரும்.”

“அவங்க கட்டம் பெருசாத் தெரியுதுங்களே?”

உண்மையில் எங்கள் கட்டம்தான் கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை நேராக்கச் சொல்லலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பக்கமும் யாராவது பேச்சு தாமதமானவர்கள் உண்டா, சத்தம் ஆகாதவர்கள் உண்டா, ஒன்றையே பிடித்துக்கொண்டு விடாதவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டார்.

“எங்க பக்கமுங்களா?” ராசப்பன் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க பக்கம் எல்லாம் கூர்மையான ஆளுகளுங்க. இவனையே எடுத்துக்குங்க. நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கலீங்க. தொறந்தான் பாருங்க, மொத வார்த்தையே...” என்று தொடங்கி, ‘பஸ்ஸு லேட்டு’ வரை ஒரு எழுத்து விடாமல் சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கதிர்வேலைப் பார்த்தார். ஸ்பீக்கர் சத்தம் எப்படி, சாப்பாடு எப்படி, சட்டை எப்படி என்று மெதுவாகக் கேட்டார். கதிர்வேல் ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார். ராசப்பன் மாமாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கு உள்ளூர ஒரே குதூகலம்.

“சரி, அம்மா பக்கம்?” என்றார் டாக்டர்.

“யாருமே இல்லீங்க” என்றேன் நான். “எங்க பக்கம் சுத்தமா ஒண்ணும் கெடையாதுங்க.”

டாக்டர் என் கையைப் பார்த்தார். நாகலட்சுமியும் பார்த்தாள். கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். விஷயம் ஒன்றுமில்லை. டாக்டர் மேஜையில் பேனாக்கள் தாறுமாறாகக் கிடந்தன. பேச்சுவாக்கில் அவற்றை உயரப்படி அடுக்கி, மூடியெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்திருந்தேன். ஒரு இடம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைப்பது ஒரு குற்றமா?

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுவிட்டு விளக்கினார். “இது ஒரே ஒரு ஜீனோட வேலை இல்லைங்க. நூத்துக்கணக்கான ஜீன்கள் இதுல சேருது. வயித்துல குழந்தை வளரும்போதே மூளையில நரம்பு செல்லெல்லாம் எப்படி வளரணும், எது எதோட போய்ச் சேரணும், எந்த ஜீன் எப்ப வேலையை ஆரம்பிக்கணும்னு பாத்துக்கற ஜீன்கள். அதுல சின்னச் சின்ன வித்தியாசம் உங்ககிட்ட, என்கிட்ட, எல்லார்கிட்டயும் இருக்கு. ஒண்ணொண்ணா இருந்தா வெளிய தெரியவே தெரியாது. அப்பாகிட்ட இருந்து பாதி, அம்மாகிட்ட இருந்து பாதின்னு கொழந்தைக்கு வரும்போது, எந்தப் பாதி வரும்கறது யார் கையிலயும் இல்லை. அப்படி வந்ததுல நிறைய ஒண்ணாச் சேர்ந்துட்டா ஆட்டிசம்னு தெரியற அளவுக்கு வரலாம். மிளகு ரசம் மாதிரிங்க. ரெண்டு வீட்டு மிளகையும் ஒண்ணாத் தட்டிப் போட்டாச்சு. இப்ப இந்தக் காரம் எந்த வீட்டு மிளகுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுமா?”

“சொல்லலாமுங்க” என்றார் கதிர்வேல். “அவங்க ஊட்டுல மிளகே கெடையாதுங்க. எங்ககிட்டத்தான் வாங்கறாங்க.”

டாக்டர் ரசத்தைக் கைவிட்டுவிட்டுத் தொடர்ந்தார். சில குழந்தைகளுக்கு அப்பாவிடமும் இல்லாத, அம்மாவிடமும் இல்லாத ஒரு மாற்றம் புதிதாகத் தானாகவே வருவதும் உண்டு என்றார். இதைக் கேட்டதும் ராசப்பன் மாமாவும் நானும் ஒரே நேரத்தில், “அதேதானுங்க! அதையே எழுதிக்குங்க!” என்றோம். எங்கள் உறவில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. டெஸ்ட் செய்தால்தான் தெரியும், செய்தாலும் கொஞ்சம் பேருக்குத்தான் தெளிவாகத் தெரியும் என்றார் டாக்டர்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத நாகலட்சுமி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “வளைவுங்களா டாக்டர்?”

டாக்டருக்குப் புரியவில்லை. அவள் தலை குனிந்தபடி வளைகாப்புக்கு இறங்கியதை, ஏறியதை, வாந்தியை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது.

“இல்லம்மா. பஸ்ஸுல போனதாலயும் இல்ல, வாந்தி எடுத்ததாலயும் இல்ல. நீங்க தின்னது, பாத்தது, நெனச்சது எதனாலயும் இல்ல. ரொம்பக் குறைமாசத்துல பொறக்கறது மாதிரி சில விஷயங்கள் ஜீனோட சேரலாம், அதுவும் உங்களுக்கு இல்ல. நீங்க எதையும் கெடுக்கலை.”

கதிர்வேல் அதோடு தன் பங்கையும் சேர்த்தார். “நான் வயத்துல இருந்தப்ப எங்கம்மா மலைய உட்டு எறங்கவே இல்லீங்க டாக்டர். ஒரு வளைவு கூடப் போகலீங்க. ஆனா எனக்கும் நாலு வயசு வரைக்கும் பேச்சு வரலீங்களே.”

அவர் யாரையும் மடக்குவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார். ஆனால் ராசப்பன் மாமா அதன் பிறகு சேலத்திலிருந்து வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை.

நாகலட்சுமி மறுநாளே மலைக்குக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. டாக்டர் சொன்னதற்குத் தலையை ஆட்டினாள், ஆனால் பையைத் தொடவில்லை. “டாக்டர் சொல்லிட்டா ஆச்சுங்களா? போட்டவரு வாயாலதான் அந்தப் பழியை எடுக்கோணும்” என்றாள் கோகிலா. போட்டவரோ, ரிப்போர்ட் வரட்டும் என்று மேலே உட்கார்ந்துகொண்டார்.

ரிப்போர்ட் வந்தது. குறிப்பிட்டுச் சொல்லும்படியான மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை என்று இருந்தது.

ராசப்பன் மாமா செம்மேட்டில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். எங்க பக்கம் ஒண்ணுமில்லேன்னு லேப்லயே சொல்லிட்டாங்க என்று. நான் சும்மா இருப்பேனா? சரவெடி வாங்கி வாசலில் வைத்துப் பற்றவைத்தேன். அன்று சந்தை நாள், கதிர்வேலும் வந்திருந்தார். வெடி வெடிக்க ஆரம்பித்ததும் பொன்னாயி காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். கதிர்வேல் வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் பற்றவைத்த கையோடு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தித் தலையணையால் காதை அடைத்துக்கொண்டேன். வெடிச் சத்தம் மனுசனுக்கு ஆகிற சத்தமா? கடைசியில் கோகிலா மட்டும் தனியாக வாசலில் நின்று எங்கள் வெற்றியைக் கொண்டாடினாள்.

டாக்டர் போனில் சொன்னார். “எதுவும் கிடைக்கலைன்னா எதுவுமே இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. இன்னைக்குத் தெரிஞ்ச இடத்துல எல்லாம் தேடினோம், அங்க இல்லை. சின்னச் சின்னதா ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்திருக்கலாம்.” இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ராசப்பன் மாமாவுக்கும் போன் போயிருக்கும், அவரும் சொல்லவில்லை.

ஆனால் பழி யார் தலையில் என்று தீராமல் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் ராசப்பன் மாமா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அடிவாரத்து அம்மனிடம் பூ கேட்டுவிடலாம் என்று. எங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்யாணத்திலிருந்து கிணறு வெட்டுவது வரை இதுதான் கடைசித் தீர்ப்பு. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஒன்று, சிவப்பு வந்தால் ஒன்று. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பொன்னாயி அம்மன் கோயில் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, ரோடு மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. ஏறுகிற வண்டியெல்லாம் அங்கே நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் முதல் வளைவுக்குப் போகும். வளைவு இல்லாத இடம் என்பதால் நாகலட்சுமியும் குழந்தையோடு வந்தாள். வெள்ளை கதிர்வேல் பக்கம், சிவப்பு எங்கள் பக்கம் என்று பேசி முடித்தோம். இரண்டே பொட்டணம் என்றால் ராசப்பன் மாமா இலையில் ஏதாவது அடையாளம் வைத்துவிடுவார் என்று எனக்குச் சந்தேகம். நான் வைத்துவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் பொட்டணங்களைக் கூட்டிக்கொண்டே போனோம். ஒரு தாம்பாளம் நிறைந்துவிட்டது.

“பூ கேக்கறீங்களா, எலெக்‌ஷன் நடத்தறீங்களா?” என்றார் பூசாரி.

யார் எடுப்பது என்று அடுத்த சண்டை. அந்தப் பக்கத்துக் குழந்தை வேண்டாம், இந்தப் பக்கத்துக் குழந்தை வேண்டாம். “பொன்னாயியே எடுக்கட்டுமுங்க. அவளுக்கு யார் பக்கமும் சாயத் தெரியாது” என்றாள் கோகிலா.

பொன்னாயி தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பொட்டணத்தை எடுத்தாள். நானும் ராசப்பன் மாமாவும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தோம். வெள்ளை. என் வாயில் சிரிப்பு வருவதற்குள் அவள் அடுத்ததைப் பிரித்தாள். சிவப்பு. பூசாரி ‘போதும் சாமி’ என்றார். அவளுக்குப் போதவில்லை. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பிரித்து, இலையை ஒரு பக்கம் வைத்து, பூவைக் கோயில் படியில் வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு.

கதிர்வேல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பங்குக்கு வரிசையைத் தொடர்ந்தார். நான் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நடுவில் ஒரு சிவப்புப் பூ மட்டும் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்க முடியும்? போய் உட்கார்ந்து திருப்பி வைத்தேன். அடுத்த பூவும் கொஞ்சம் கோணல். அதையும் சரி செய்தேன். அப்புறம் காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும் என்று மூன்று பேருமாகப் படி முழுவதையும் ஒழுங்கு செய்தோம். நேரம் போனதே தெரியவில்லை.

பின்னால் கோகிலாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பூசாரி சிரிக்கிறார். நாகலட்சுமி சிரிக்கிறாள், அவள் சிரித்துப் பல மாதம் ஆயிற்று. நாங்கள் மூன்று பேரும் ஒரே மாதிரி சம்மணம் போட்டு, ஒரே மாதிரி நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமாம்.

“இதுக்கு மேல அம்மன் வாயத் தொறந்தா சொல்லோணும்?” என்றார் பூசாரி.

ராசப்பன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. மகனையும் பேத்தியையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாகலட்சுமியிடம் வந்தார்.

“எம் மவன் மாதிரியே இருக்கறா சாமி. அவன் அதையே பண்ணினப்ப அம்மன் குடுத்த வரம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இவ பண்ணினப்ப உன்ற மேல பழியப் போட்டுட்டேன். வளைவு ஒண்ணும் பண்ணலை கண்ணு. நீ ஒண்ணும் பண்ணலை.”

நாகலட்சுமி நின்ற இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அவள் எங்கள் யார் முன்னாலும் அழுததில்லை. எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பொன்னாயி எதையும் கவனிக்கவில்லை. வரிசையில் கடைசியாக ஒரு சிவப்புப் பூ மிஞ்சிவிட்டது. ஜோடி இல்லாமல் அதை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சுற்றிப் பார்த்தாள். எழுந்து வந்து என் சட்டைப் பைக்குள் அதைப் போட்டுவிட்டுப் போனாள்.

“அண்ணா, என்ற பையை வண்டியில எடுத்து வெச்சிருங்க” என்றாள் நாகலட்சுமி.

“பையே கொண்டுட்டு வரலையே?”

“நான் கொண்டுட்டு வந்தேன்” என்றாள் கோகிலா.

ராசப்பன் மாமா யாரும் சொல்லாமலே வண்டியின் பின்னால் ஏறி, விற்காமல் மிஞ்சிய ஒரு பலாப்பழத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முன் சீட்டில் நாகலட்சுமி, அவள் மடியில் பொன்னாயி. முதல் வளைவு கோயிலிலிருந்து பார்த்தாலே தெரியும். வண்டி அதை நெருங்கும்போது நாகலட்சுமியின் கை குழந்தையின் தலைக்குப் போவதைப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான் இரண்டு ஹாரனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு இல்லை. ‘பாஆஆஆம்’ என்று ஒரே நீள ஹாரன், நிற்கவே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதிர்வேல் வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை. வண்டி வளைவில் திரும்பியபோதுதான் பார்த்தேன், ஸ்டீயரிங்கை எட்டிப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது ஒரு சின்னக் கை. அதன் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தது என் தங்கையின் கை. பின்னால் ராசப்பன் மாமா பலாப்பழத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அடி சாமி, அடி!” என்று கத்திக்கொண்டு போனார்.

வண்டி மறைந்த பிறகும் மேலே இருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒரு வளைவு, அடுத்த வளைவு, அடுத்த வளைவு. கோகிலா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். நான் சட்டைப் பையிலிருந்த பூ கசங்காமல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“ஏனுங்க, எழுவதும் கேட்டாத்தான் வருவீங்களா? வாங்க போலாம்” என்றாள்.

“சும்மா இரு. நடுவுல ஒண்ணு விட்டுப் போச்சான்னு பாக்கோணும்” என்றேன்.